கிரீன் பே பேக்கர்ஸ்: ஊரார் காப்பாற்றிய அணி

நியூயார்க், சிகாகோ, டாலஸ் போன்ற மாநகரங்களின் அணிகள் மோதும் என்.எஃப்.எல். என்ற அமெரிக்கக் கால்பந்து லீகில், ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் கிரீன் பே என்ற ஊருக்கு எப்படி இடம் கிடைத்தது, அந்த அணியின் வரலாறு என்ன, அதில் ஆடிய பெரிய ஆட்டக்காரர்கள் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். வழக்கமாக இதற்குக் கோப்பைகளை எண்ணித்தான் பதில் தொடங்குவார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன்: பேக்கர்ஸ் 13 முறை சாம்பியன் ஆகியிருக்கிறது, லீகில் வேறெந்த அணிக்கும் இத்தனை பட்டங்கள் இல்லை. ஆனால் என்னை இந்த அணியிடம் கட்டிப்போட்டது வேறு விஷயம். முதல் முப்பது ஆண்டுகளில் இது பலமுறை சாகக் கிடந்தது. ஒவ்வொரு முறையும் ஊரார் கையிலிருந்ததைப் போட்டு எழுப்பி உட்காரவைத்தார்கள். அதைச் சொல்லாமல் ஆட்டக்காரர்களைப் பற்றி மட்டும் பேசினால் கதை பாதிதான்.

ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்காக இரண்டு வரி. ஓர் அணிக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 கஜம் முன்னேறினால் மீண்டும் நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் பந்தை வாங்கி, எறிவதா, ஓடுபவரிடம் கொடுப்பதா என்று முடிவெடுத்து ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளிகள். அதன்பின் உதைத்து இன்னொன்று சேர்த்துக்கொள்ளலாம். தூரத்திலிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 3. இவ்வளவு தெரிந்தால் போதும்.

விஸ்கான்சின் மாநிலத்தின் வடகிழக்கில், மிச்சிகன் ஏரியின் ஒரு விரிகுடாக் கரையில் இருக்கிறது கிரீன் பே. அந்த ஊரில் 1898இல் பிறந்தவர் கர்லி லாம்போ. நோட்ரடேம் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு பருவம் ஆடிவிட்டு, உடல்நலம் கெட்டு ஊர் திரும்பினார். இறைச்சியைப் பதப்படுத்தி டப்பாவில் அடைக்கும் இந்தியன் பேக்கிங் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். (பெயரில் இந்தியன் என்று இருப்பதற்கும் நம் நாட்டுக்கும் தொடர்பில்லை.) 1919 ஆகஸ்டு 11 அன்று உள்ளூர் நாளிதழான பிரஸ்-கெசட்டின் அலுவலகத்தில் கூடி, அதன் விளையாட்டுப் பகுதி ஆசிரியர் ஜார்ஜ் கல்ஹூனும் லாம்போவும் ஓர் அணியைத் தொடங்கினார்கள். சீருடைக்காகக் கம்பெனி 500 டாலர் கொடுத்தது. அந்த நன்றிக்கடனில் வந்த பெயர்தான் பேக்கர்ஸ். கம்பெனி சில ஆண்டுகளிலேயே கை மாறி மறைந்துபோனது. பெயர் நூறாண்டு தாண்டியும் நிற்கிறது. டப்பா அடைக்கும் தொழிலாளியின் பெயரை இன்னும் சுமந்துகொண்டு ஆடும் அணி என்பதில் எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி உண்டு.

1921இல் பேக்கர்ஸ் தேசிய லீகில் சேர்ந்தது. அந்தக் காலத்து லீக் இன்றைய கோடிகளின் உலகம் அல்ல. கேன்டன், ஏக்ரன், டேட்டன், ராக் ஐலண்ட், ரசீன், மன்சி, டுலூத் என்று சிறிய தொழிற்சாலை ஊர்கள்தான் அதில் நிறைந்திருந்தன. ஒரு மழை பெய்து டிக்கெட் விற்காமல் போனால் அணியின் கணக்குப் புத்தகம் நொறுங்கிவிடும். கிரீன் பேயும் அப்படித்தான் கடனில் விழுந்தது. அப்போது பிரஸ்-கெசட்டின் வணிக மேலாளர் ஆண்ட்ரூ டர்ன்புல் ஊரின் வணிகர்களைத் திரட்டினார். 1923இல் அணி ஓர் இலாப நோக்கமற்ற நிறுவனமாகப் பதிவாயிற்று. பங்கு ஒன்று 5 டாலர், ஆயிரம் பங்குகள். வாங்குபவர் பருவ டிக்கெட்டுகளும் சேர்த்து வாங்க வேண்டும் என்பது நிபந்தனை. பங்குக்கு இலாபம் கிடைக்காது என்பதை அன்றே எழுதிவைத்தார்கள். அணியை என்றாவது விற்க நேர்ந்தால் அந்தப் பணம் யார் பைக்கும் போகாமல், உள்ளூர் முன்னாள் படைவீரர் சங்கம் போர் நினைவுச் சின்னம் எழுப்பப் போக வேண்டும் என்றும் எழுதினார்கள். 1997இல் அந்த விதி மாறி, பணம் பேக்கர்ஸ் அறக்கட்டளைக்குச் சேரும் என்றானது. விற்றால் எவருக்கும் ஒரு காசு கிடைக்காது என்ற ஏற்பாடு இருந்ததால்தான், பிற்காலத்தில் மதிப்பு ஏறியபோதும் யாருக்கும் விற்கும் எண்ணம் வரவில்லை. அந்த விதியை எழுதியவர்களை நான் ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ் மண்டபத்தில் இடம்பெற்ற ஆட்டக்காரர்களுக்குச் சமமாக மதிக்கிறேன்.

ஊர் கொடுத்த பணத்துக்கு அணியும் பதில் கொடுத்தது. 1929இல், அணியின் பயிற்சியாளராகவும் இருந்த லாம்போ மூன்று பெரிய ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்தார்: மலை போன்ற கேல் ஹப்பர்டு, முன்வரிசையான லைனில் அசையாமல் நின்ற மைக் மிச்சால்ஸ்கே, எந்தக் கட்டுப்பாட்டுக்கும் அடங்காத ஜானி பிளட் மெக்நாலி. பிளட் என்பது இயற்பெயர் அல்ல. கல்லூரி ஆட்டத் தகுதி பறிபோகாமல் இருக்க, ஒரு சினிமாக் கொட்டகையின் விளம்பரப் பலகையில் கண்ட சொல்லை அவர் பெயராக எடுத்துக்கொண்டார். ஹப்பர்டு பின்னாளில் பேஸ்பால் நடுவராகி, இரண்டு விளையாட்டுகளின் ஹால் ஆஃப் ஃபேமிலும் இடம்பெற்ற ஒரே மனிதரானார். 1929, 1930, 1931 என்று அடுத்தடுத்து மூன்று பட்டங்கள்.

உடனே மறுபடி சரிவு. மைதானத்தின் இருக்கை வரிசையிலிருந்து விழுந்த ரசிகர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். சுமார் 5,000 டாலர் இழப்பீடு கொடுக்கத் தீர்ப்பாயிற்று. காப்பீட்டு நிறுவனமோ திவாலாகிவிட்டது. நாடே பொருளாதாரப் பெருமந்தத்தில் தவித்த நேரம். 1933இல் அணி நீதிமன்றம் நியமித்த அதிகாரியின் பொறுப்புக்குப் போனது. 1935இல் இரண்டாவது முறை பங்குகள் விற்று, ஊர் 15,000 டாலர் திரட்டி மீட்டது. வேலையில்லாமல் மக்கள் வரிசையில் நின்ற ஆண்டுகளில் ஒரு விளையாட்டு அணிக்காகத் திரட்டிய பணம் அது.

அதே 1935இல்தான் அலபாமாவிலிருந்து டான் ஹட்சன் வந்தார். பேக்கர்ஸ் பற்றிப் பேசும்போது எல்லோரும் குவார்ட்டர்பேக்குகளையே சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், இந்த அணியில் ஆடியவர்களிலேயே தன் காலத்தைவிட மிக அதிகம் முன்னால் நின்றவர் ஹட்சன்தான். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முட்டி மோதுவதுதான் அன்றைய ஆட்டம். எறிவது வேறு வழியில்லாதபோது செய்யும் காரியம். ஒல்லியான ஹட்சன் ஓடும் பாதையை முன்கூட்டியே திட்டமிட்டு, ஒரு பக்கம் போவதுபோல் பாவனை காட்டி மறுபக்கம் திரும்பி, தடுப்பவர் சமாளிப்பதற்குள் பந்தின் கீழே போய் நிற்பார். சிகாகோ பேர்ஸ் அணிக்கு எதிராக முதன்முறை தொடக்கத்திலிருந்தே களமிறங்கிய ஆட்டத்தில், முதல் பந்திலேயே ஆர்னி ஹெர்பர் எறிந்ததைப் பிடித்து 83 கஜம் டச்டவுன். அந்த ஆட்டம் 7-0 என்று முடிந்தது. 1942இல் ஒரே பருவத்தில் 74 பந்துகள் பிடித்து, 1,211 கஜம், 17 டச்டவுன். 1945இல் டெட்ராய்ட்டுக்கு எதிராக ஒரே கால்பகுதியில் தனியாளாக 29 புள்ளிகள். ஓய்வுபெறும்போது அவர் பிடித்த டச்டவுன்கள் 99. அந்தச் சாதனையை 1989இல்தான் வேறொருவர் தாண்டினார். இன்று தொலைக்காட்சியில் பார்க்கும், எறியும் பந்தைப் பிடிக்க ஓடும் ஒவ்வொரு ரிசீவரின் ஓட்டத்திலும் ஹட்சனின் வித்தை இருக்கிறது. 1936, 1939, 1944 பட்டங்கள் அவர் இருந்த ஆண்டுகளில் வந்தவை.

ஹட்சன் போனதும் அணி மங்கியது. புதிதாக முளைத்த இன்னொரு லீகுடன் சம்பளப் போட்டி, வீண் செலவுகள். லாம்போ 1946இல் ஊருக்கு வெளியே ராக்வுட் லாட்ஜ் என்ற விடுதியை வாங்கிப் பயிற்சிக் கூடமாக்கினார். செலவைப் பார்த்து ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. 1950 ஜனவரியில் அந்த விடுதி தீப்பிடித்து எரிந்தது. காப்பீட்டுப் பணம் அணியின் கஜானாவுக்கு உதவியது. சில நாள்களில் லாம்போ பதவி விலகி, வேறு அணிக்குப் போய்விட்டார். அணியைப் பெற்றெடுத்த மனிதரே போன பின்பும் ஊர் விடவில்லை. அதே ஆண்டு மூன்றாவது பங்கு விற்பனை. ஒரு லட்சத்துக்கும் அதிகமான டாலர் சேர்ந்தது. எந்தத் தனி மனிதரும் அணியைக் கைப்பற்றிவிடக் கூடாது என்று ஒருவர் வைத்திருக்கக்கூடிய பங்குக்கு உச்சவரம்பும் விதித்தார்கள்.

அடுத்த சிக்கல் மைதானம். பழைய சிட்டி ஸ்டேடியம் போதவில்லை. புதிது கட்டாவிட்டால் அணி முழுவதுமாக அதே மாநிலத்துப் பெருநகரமான மில்வாக்கிக்குப் போய்விடும் என்ற பயம். 1956இல் ஊர் மக்களிடம் வாக்கெடுப்பு. அதற்கு ஆதரவு திரட்ட கிரீன் பேக்கே வந்து மேடையேறிப் பேசியவர் யார் தெரியுமா? ஜென்மப் பகையாளியான சிகாகோ பேர்ஸ் அணியின் உரிமையாளர் ஜார்ஜ் ஹாலஸ். எதிரி இல்லாமல் தன் அணிக்கும் வாழ்வில்லை என்று அவர் அறிந்திருந்தார். வாக்கெடுப்பு இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றது. 1957 செப்டம்பர் 29 அன்று திறந்த மைதானத்தில் பேக்கர்ஸ் 21-17 என்று வீழ்த்தியது அதே பேர்ஸ் அணியை. லாம்போ இறந்தபின் 1965இல் அதற்கு லாம்போ ஃபீல்டு என்று பெயரிட்டார்கள்.

மைதானம் வந்தது, வெற்றி வரவில்லை. 1958இல் ஒரு வெற்றி, பத்துத் தோல்வி, ஒரு டிரா. அந்த நிலையில் 45 வயதுவரை எந்தத் தொழில்முறை அணிக்கும் தலைமைப் பயிற்சியாளராக இருந்திராத ஒருவரை அழைத்துவந்தார்கள். புரூக்ளினில் பிறந்து, நியூஜெர்சியில் பள்ளி ஆசிரியராக இருந்து, பின்பு நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் துணைப் பயிற்சியாளராக உழைத்த வின்ஸ் லொம்பார்டி. அவரிடம் புதுமையான ஆட்டத் திட்டங்கள் அதிகம் இல்லை. சில திட்டங்களை எடுத்துக்கொண்டு, உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிழையில்லாமல் செய்யும்வரை பழக்குவார். அவற்றில் பெயர்பெற்றது பவர் ஸ்வீப்: ஜெர்ரி கிரேமரும் ஃபஸ்ஸி தர்ஸ்டனும் லைனிலிருந்து விலகிப் பக்கவாட்டில் ஓடி வழியைத் திறக்க, பின்னால் பால் ஹார்னங்கோ ஜிம் டெய்லரோ பந்துடன் பாய்வார்கள். வரப்போவது என்ன என்று எதிரணிக்குத் தெரியும். இருந்தும் நிறுத்த முடியாது.

பள்ளி ஆசிரியர் என்று சொன்னேன் அல்லவா, அந்தக் கண்தான் அவருடைய உண்மையான பலம். பார்ட் ஸ்டார், கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் ஆண்டுத் தேர்வில், 1956இல் 17ஆவது சுற்றில், 200ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். யாரும் பொருட்படுத்தாத குவார்ட்டர்பேக். லொம்பார்டியின் கீழ் அவர் ஐந்து பட்டங்கள் வென்றார். வில்லி வுட் தேர்வில் ஒருவராலும் எடுக்கப்படவில்லை. அணிகளுக்குக் கடிதம் எழுதி வாய்ப்புக் கேட்டவர். கிரீன் பே வாய்ப்பளித்தது, ஹால் ஆஃப் ஃபேம் வரை போனார். ஃபாரஸ்ட் கிரெக், ரே நிட்ச்கி, வில்லி டேவிஸ், ஹெர்ப் ஆடர்லி, ஹென்றி ஜோர்டன், டேவ் ராபின்சன் எல்லோரும் அதே மண்டபத்தில் இருக்கிறார்கள். ஹார்னங் 1960இல் ஓடியும் பிடித்தும் உதைத்தும் 176 புள்ளிகள் எடுத்தார்; அதை முறியடிக்க 46 ஆண்டுகள் பிடித்தன. பந்தயம் கட்டியதற்காக 1963 பருவம் முழுக்க அவரை லீக் தடைசெய்ததையும் சொல்லாமல் விடக் கூடாது. லொம்பார்டியிடம் இன்னொரு நேர்மை இருந்தது. கறுப்பினத்தவர் மிகக் குறைவாக வாழ்ந்த அந்த ஊரில், என் கறுப்பு ஆட்டக்காரர்களுக்கு இடம் தராத விடுதியிலும் மதுக்கடையிலும் என் அணியில் ஒருவரும் கால் வைக்க மாட்டார்கள் என்று அறிவித்தார். சிவில் உரிமைச் சட்டம் வருவதற்கு முந்தைய ஆண்டுகள் அவை.

1960 இறுதி ஆட்டத்தில் ஃபிலடெல்ஃபியாவிடம் 17-13 என்று தோற்ற பிறகு, பேக்கர்ஸ் இறுதிக் கட்டத்தில் லொம்பார்டியின் கீழ் மீண்டும் தோற்கவே இல்லை. 1961இல் நியூயார்க்கை 37-0 என்று நசுக்கியது. ராணுவச் சேவையிலிருந்து விடுப்பில் வந்து ஆடிய ஹார்னங் மட்டும் 19 புள்ளிகள். 1962, 1965, 1966, 1967 என்று பட்டங்கள். 1967 ஜனவரி 15 அன்று, இரு லீக்குகளின் சாம்பியன்கள் மோதிய முதல் சூப்பர் பவுலில் கான்சஸ் சிட்டியை 35-10 என்று வென்றது. தனக்கு ஆட வாய்ப்பு வராது என்று முந்தின இரவை ஊர்சுற்றிக் கழித்த மேக்ஸ் மெக்கீ, காயம்பட்ட ஒருவருக்குப் பதிலாக இறங்கி, சூப்பர் பவுல் வரலாற்றின் முதல் டச்டவுனை ஒற்றைக் கையால் பிடித்தார்.

இதற்கு நடுவே, களத்துக்கு வெளியே ஒரு காரியம் நடந்தது. அணி பிழைத்ததற்கு அதுவும் பெரிய காரணம். 1961இல் லீக் தலைவர் பீட் ரோசெல், தொலைக்காட்சிப் பணத்தை எல்லா அணிகளும் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று மாநகர உரிமையாளர்களைச் சம்மதிக்கவைத்தார். அதற்கு வழிவிடும் சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றமும் நிறைவேற்றியது. கோடிக்கணக்கான பார்வையாளர்களைக் கொண்ட நியூயார்க்குக்கு என்ன பங்கோ அதே பங்கு கிரீன் பேக்கும். ஊரின் அன்பு மட்டும் காப்பாற்றியது என்று சொல்வோர் இதை மறந்துவிடுகிறார்கள். அன்பு 1960 வரை அணியை உயிரோடு வைத்திருந்தது. அதன்பின் மாநகரங்களோடு தோளுக்குத் தோள் நிற்கவைத்தது இந்தச் சமப் பங்கீடுதான்.

இனி 1967 டிசம்பர் 31. பனிக்கட்டி ஆட்டம் என்று பெயர் வாங்கிய நாள். லாம்போ ஃபீல்டில் டாலஸ் கௌபாய்ஸுடன் லீக் இறுதி ஆட்டம். வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 25 டிகிரி செல்சியஸ். தரை உறையாதிருக்க லொம்பார்டி பதித்திருந்த மின்சூடேற்றி பயனற்றுப்போய், புல்தரை கல்லாகிவிட்டது. நடுவர்களின் உலோக விசில்கள் உதட்டில் ஒட்டிக்கொண்டதால், வாயால் கத்தித்தான் ஆட்டத்தை நடத்தினார்கள். இசைக் குழுவின் கருவிகள் உறைந்து ஊத முடியவில்லை. அப்படியிருந்தும் 50,000 பேர் எழுந்து போகாமல் இருந்தார்கள். 14-0 என்று முன்னால் போன பேக்கர்ஸ், கடைசிக் கட்டத்தில் 17-14 என்று பின்தங்கியது. 4 நிமிடம் 50 விநாடி மீதம். கடக்க வேண்டியது 68 கஜம். விரல் மரத்துப்போன ஸ்டார் சின்னச் சின்ன எறிதல்களால், சக் மெர்சீன், டானி ஆண்டர்சன் ஆகியோரின் துணையோடு, பந்தை எல்லைக்கோட்டின் வாசல்வரை கொண்டுவந்தார். இரண்டு முறை ஆண்டர்சன் முயன்றார். பனியில் கால் வழுக்கியது. 16 விநாடி. கையிலிருந்த கடைசி இடைவேளையைக் கேட்டு வாங்கி, ஸ்டார் ஓரத்துக்கு ஓடி லொம்பார்டியிடம் சொன்னார்: ஓடுபவர்களுக்குக் கால் நிற்கவில்லை, நானே பந்தோடு நுழைந்துவிடுகிறேன். 3 புள்ளி உதையை முயன்றிருந்தால் சமன் செய்திருக்கலாம். லொம்பார்டி அதை நினைக்கவே இல்லை; செய்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போவோம் என்கிற பொருளில் பதில் சொன்னார். கிரேமரும் கென் போமனும் டாலஸின் ஜெத்ரோ பியூவைத் தள்ளிச் சாய்க்க, அந்தச் சந்தில் ஸ்டார் விழுந்தார். பந்து தனக்குத்தான் வரும் என்று நம்பி ஓடிவந்த மெர்சீன், தள்ளிவிட்டதாக யாரும் நினைத்துவிடாதபடி கைகளை மேலே தூக்கிக்கொண்டு விழும் அந்தப் புகைப்படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருக்கலாம். 21-17.

இரண்டு வாரம் கழித்து இரண்டாவது சூப்பர் பவுலில் ஓக்லண்டை 33-14 என்று வென்றுவிட்டு லொம்பார்டி பயிற்சிப் பொறுப்பை விட்டார். 1970 செப்டம்பரில் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு 57 வயது. சூப்பர் பவுல் கோப்பைக்கு இன்று அவர் பெயர்தான்.

பிறகு கால் நூற்றாண்டு வறட்சி. 1968 முதல் 1992 வரை 25 பருவங்களில், பருவ முடிவில் பட்டத்துக்காக நடக்கும் பிளே-ஆஃப் சுற்றை எட்டியது இரண்டே முறை, 1972, 1982. அப்போதைய பயிற்சியாளர் டான் டிவைன் 1974இல் 34 வயது ஜான் ஹேடலுக்காக ஐந்து உயர்ந்த தேர்வு வாய்ப்புகளைத் தாரைவார்த்தது அணியைப் பல ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளியது. ஸ்டாரும் கிரெக்கும் பயிற்சியாளர்களாக வந்து பார்த்தார்கள், முடியவில்லை. ஜேம்ஸ் லாஃப்டன் போன்ற அருமையான ரிசீவர் தோற்கும் அணியில் தன் நல்ல ஆண்டுகளைக் கழித்தார். அரங்கு மட்டும் நிறைந்துகொண்டே இருந்தது.

1991 இறுதியில் ரான் வுல்ஃப் நிர்வாகத்துக்கு வந்தார். அட்லாண்டா அணியில் மூன்றாம் நிலைக் குவார்ட்டர்பேக்காக உட்கார்ந்திருந்த பிரெட் ஃபார்வ் என்ற மிசிசிப்பி இளைஞனுக்காக முதல் சுற்றுத் தேர்வையே கொடுத்தார். பலர் அதைக் குறைகூறினார்கள். ஃபார்வ் பேக்கர்ஸுக்காக வெற்றிகரமாக எறிந்த முதல் பந்தைப் பிடித்தவர் அவரேதான். தடுப்பவர் கையில் பட்டுத் திரும்பி வந்தது. ஆனால் 1992 செப்டம்பர் 20 அன்று, காயம்பட்ட டான் மஜ்கோவ்ஸ்கிக்குப் பதிலாக இறங்கி, 13 விநாடி இருக்கையில் கிட்ரிக் டெய்லருக்கு 35 கஜம் எறிந்து சின்சினாட்டியை 24-23 என்று தோற்கடித்தார். அடுத்த வாரம் தொடங்கி 2007 பருவம் முடியும்வரை ஓர் ஆட்டத்தைக்கூடத் தவறவிடவில்லை. வலிநிவாரண மாத்திரைகளுக்கு அடிமையாகி 1996இல் சிகிச்சைக்குப் போனார். அதை ஒளிக்காமல் ஊரறியச் சொன்னார். 1995, 1996, 1997 என்று மூன்று முறை சிறந்த ஆட்டக்காரர் விருது. 2003 டிசம்பரில் தந்தை இறந்த மறுநாள் ஓக்லண்டில் இறங்கி 399 கஜம், 4 டச்டவுன் எறிந்த இரவில், எதிரணி ரசிகர்களும் எழுந்து கைதட்டினார்கள்.

ஃபார்வைவிட முக்கியமான வருகை ஒன்று உண்டு என்பது என் கட்சி. 1993இல் லீகில் ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் விரும்பிய அணிக்குப் போகலாம் என்ற விதி புதிதாக வந்தபோது, அன்றைய மிகப் பெரிய தற்காப்பு ஆட்டக்காரரும் மதபோதகருமான ரெஜி வைட் எல்லா மாநகரங்களையும் விட்டுக் கிரீன் பேயைத் தேர்ந்தெடுத்தார். அதுவரை கறுப்பின ஆட்டக்காரர்கள் பலருக்கு அந்தக் குளிர் ஊர் நாடு கடத்தப்பட்ட இடம்போல. வைட் வந்ததும் மற்றவர்களும் வரத் தொடங்கினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று, வைட் தன் கைக்கு வந்த பந்தை லிராய் பட்லரிடம் கடத்த, பட்லர் டச்டவுன் அடித்த வேகத்தில் ரசிகர்கள் நடுவே தாவினார். லாம்போ லீப் என்று அந்தத் தாவல் இன்றைக்கும் ஒவ்வொரு ஆட்டத்திலும் தொடர்கிறது. மைக் ஹோம்கிரனின் பயிற்சியில் 1996 அணி, அதிகப் புள்ளி எடுத்ததிலும் குறைவாகக் கொடுத்ததிலும் லீகில் முதலிடம். 1997 ஜனவரி 26 அன்று சூப்பர் பவுலில் நியூ இங்கிலாந்தை 35-21 என்று வென்றபோது டெஸ்மண்ட் ஹோவர்டு 99 கஜம் ஓடினார். வைட் எதிரணிக் குவார்ட்டர்பேக்கை மூன்று முறை சாய்த்தார். அடுத்த ஆண்டு டென்வரிடம் 31-24 என்று இழந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. வைட் 2004இல் 43 வயதில் இறந்துவிட்டார்.

2005 தேர்வில் மணிக்கணக்காகக் காத்திருந்து 24ஆவது ஆளாக வந்தவர் ஆரன் ராட்ஜர்ஸ். மூன்று ஆண்டுகள் ஃபார்வின் பின்னால் உட்கார்ந்திருந்தார். 2008இல் ஓய்வு அறிவித்த ஃபார்வ் மனம் மாறித் திரும்ப வர, அணியோ ராட்ஜர்ஸைத் தேர்ந்தெடுத்தது. ஃபார்வ் நியூயார்க் ஜெட்ஸுக்கும், பின்பு பக்கத்து எதிரியான மினசோட்டாவுக்கும் போனார். ஊர் இரண்டாகப் பிளந்தது, குடும்பங்களுக்குள்ளே சண்டை. முடிவு கசப்பாக இருந்தாலும் சரியென்றே நினைக்கிறேன். 2010 பருவத்தில் கடைசி இடத்தில் பிளே-ஆஃபுக்குள் நுழைந்து, ஃபிலடெல்ஃபியா, அட்லாண்டா, சிகாகோ என்று மூன்று வெளியூர் ஆட்டங்களை வென்று, 2011 பிப்ரவரி 6 அன்று சூப்பர் பவுலில் பிட்ஸ்பர்கை 31-25 என்று வீழ்த்தினார்கள். சார்ல்ஸ் வுட்சன் கழுத்தெலும்பு முறிந்து பாதியில் வெளியேறிய ஆட்டம் அது. நான்கு முறை சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்ற ராட்ஜர்ஸுக்கு இங்கே ஒரே ஒரு சூப்பர் பவுல்தான் கிடைத்தது. அது அவருடைய குற்றம் மட்டுமல்ல, 2015 ஜனவரியில் சியாட்டிலில் கையிலிருந்த ஆட்டத்தை முழு அணியும் சேர்ந்து நழுவவிட்டது. 2023இல் அவரும் ஜெட்ஸுக்குப் போக, மூன்று ஆண்டுகள் பின்னால் காத்திருந்த ஜோர்டன் லவ் முதல் பருவத்திலேயே டாலஸை அதன் ஊரில் 48-32 என்று வென்று காட்டினார்.

இன்று பங்குதாரர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். 1997, 2011, 2021 ஆண்டுகளில் மீண்டும் விற்ற பங்குகள் மைதானத்தைப் பெரிதாக்கவும் சீர்படுத்தவும் போயின. இப்படி ஓர் உரிமை முறையை லீக் இப்போது புதிதாக எந்த அணிக்கும் அனுமதிப்பதில்லை. பழைய அணி என்பதால் கிரீன் பேக்கு மட்டும் விலக்கு. 81,000 பேர் அமரும் அரங்கில், ஊரின் மக்கள் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பருவ டிக்கெட்டுக்குக் காத்திருப்போர் பட்டியல் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. பெயர் பதிந்துவைத்த குழந்தை நரைத்த பிறகு அழைப்பு வந்தாலும் வியப்பில்லை. பனி கொட்டினால் ஊரார் மண்வாரியோடு வந்து இருக்கைகளைச் சுத்தம் செய்கிறார்கள். கோடைப் பயிற்சி நாள்களில் சிறுவர்கள் தங்கள் சைக்கிளைக் கொடுக்க, அத்தனை பெரிய ஆட்டக்காரர் முட்டி இடிக்க அதை மிதித்துப் போவார். தலைக்கவசத்தைத் தூக்கிக்கொண்டு சைக்கிளின் சொந்தக்காரச் சிறுவன் கூடவே ஓடுவான்.

எந்த இரவைப் பார்த்திருக்க வேண்டும் என்று கேட்டால், பட்டம் வென்ற இரவு எதையும் சொல்ல மாட்டேன். 2015 ஜூலையில் ஃபார்வ் கசப்பெல்லாம் மறந்து திரும்பி வந்தபோது, ஆட்டமே இல்லாத நாளில், அவர் கௌரவிக்கப்படுவதைத் திரையில் பார்ப்பதற்காக 67,000 பேர் லாம்போ ஃபீல்டை நிறைத்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 26 அன்று, சிகாகோவுக்கு எதிரான ஆட்டத்தின் இடைவேளையில் அவருடைய 4ஆம் எண்ணை அரங்கச் சுவரில் திறந்துவைத்தார்கள். மழை, குளிர். முந்தைய ஆண்டு பக்கவாதத்தாலும் மாரடைப்பாலும் தாக்கப்பட்டு, நடக்கவும் பேசவும் மறுபடி பழகிக்கொண்டிருந்த 81 வயது பார்ட் ஸ்டார், அலபாமாவிலிருந்து பயணம் செய்து வந்து, சிறு வண்டியில் களத்துக்குள் வந்தார். ஃபார்வ் குனிந்து அவரைத் தழுவிக்கொண்டார். அன்று அணியின் குவார்ட்டர்பேக் ராட்ஜர்ஸ். ஸ்டார், ஃபார்வ், ராட்ஜர்ஸ் மூவரும் ஒரே புல்தரையில் இருந்த அந்த இரவில் பேக்கர்ஸ் 17-13 என்று தோற்றது.